ஆத்தங்குடியிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனில் கேட்டபோது நம் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. நின்று பேச முடியவில்லை. இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமும் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

"நம்ம கதையைச் சொன்னாத்தான்பா ஜனங்க நின்னு பாக்குறாங்க. அம்மாவுக்கு உடம்பு முடியாம பட்டறை மூடிக்கிடந்த வருஷத்தை எழுதட்டுமா?" என்று, கல் விற்பதற்காக நெட்டில் நீ நடத்துகிற பக்கத்துக்காகக் கேட்டாய்.

கதை சொல்லித் தொழிலில் பேர் எடுப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை, பாப்பா. சொல்லத்தான் வேண்டும். சென்னையில் தெருவுக்குத் தெரு டைல்ஸ் கடை இருக்கிறது. மெஷினில் வந்த கல் ஒன்றுபோல் ஒன்று இருக்கும், விலையும் குறைவு. நம் கல்லுக்குக் கூடக் காசு கொடுக்கிறவர் அதைச் செய்த கைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அந்தக் கையைப் பற்றி இங்கே பிறந்து வளர்ந்த நீ சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

ஷாம்பு கம்பெனி கவின்கேரின் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு கடலூரில் தொழில் தொடங்கிய கதை தமிழ்நாட்டில் வியாபாரம் செய்கிற பாதிப் பேருக்குத் தெரியும். அந்தக் கதை ஏன் நிலைத்தது என்று யோசித்துப் பார். "கஷ்டப்பட்டு முன்னேறினேன்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் கதையில் ஒரு தொகை இருக்கிறது, ஊர் இருக்கிறது, குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்த மனிதர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, சில்லறைக் காசுக்குக் கிடைத்த ஷாம்பு பாக்கெட் இருக்கிறது. கதை கேட்டவர் கடைக்குப் போனால் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் இருந்தது.

உன் பக்கத்தை அம்மா போனில் தினமும் பார்க்கிறேன். கனவு, விடாமுயற்சி, என் பயணம் என்று நிறைய எழுதுகிறாய். நன்றாகத்தான் எழுதுகிறாய். ஆனால் உன் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெண்ணின் பெயரைப் போட்டாலும் அது பொருந்தும். கேக் விற்கிற பெண்ணுக்கும் பொருந்தும், இன்சூரன்ஸ் விற்கிறவருக்கும் பொருந்தும். அதில் நீ எங்கே இருக்கிறாய்?

நீ போட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பாத்ரூமுக்கு நம் கல் கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதை எழுதியதுதான். ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீடு என்று தெரிந்ததும் மறுத்துவிட்டாய். இது சிமெண்ட் கல், ஆசிட் பட்டால் மேல்பூச்சை அரித்துவிடும், பளபளப்பு போய்விடும் என்று காரணத்தையும் எழுதியிருந்தாய். நான்கு வரிதான். அதைப் படிக்கிறவருக்கு, இந்தப் பெண் விற்பதற்காகப் பொய் சொல்ல மாட்டாள் என்று தோன்றும். நேர்மையானவள் என்று உன்னைப் பற்றி நீயே எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. ஒரு ஆர்டரை விட்டதை எழுதினாய், அதுவே போதும்.

அந்த மாதிரி எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. கல் பதித்த புதிதில் சில இடத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படரும். வாங்கியவர் பயந்துபோய் உனக்கு போன் செய்வதற்கு முன்னாலேயே அதை எழுதிவிடு. எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைக்கச் சொல்லு. நிறம் ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் கொஞ்சம் மாறும், அதற்குக் காரணம் கலரைக் கையால் கலப்பது என்று சொல்லு. நடக்க நடக்கத்தான் மெருகேறும் என்பதையும் சொல்லு. குறையை முதலிலேயே கேட்டுக்கொண்டு வாங்கியவர் அப்புறம் சண்டைக்கு வர மாட்டார்.

வேலையைக் காட்டும்போது கிட்டப் போய்க் காட்டு. நீ எடுத்த வீடியோவில் பட்டறை முழுக்கத் தெரிகிறது, பின்னால் பாட்டு ஓடுகிறது, கல் எப்படி உருவாகிறது என்பது மட்டும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து வைப்பதிலிருந்து எடு. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் கலரை ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்குகிற அந்த நொடியில் கை ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதை எடு. பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவையைப் போட்டு அழுத்தித் தேய்ப்பது. காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் கிடப்பது. சூளை இல்லை, நெருப்பே இல்லை. கல் இறுகியதும் கண்ணாடி கழன்று வரும், அதன் வழவழப்புத்தான் கல்லின் முகத்தில் இருக்கும். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் கண்ணாடியை எடுக்கும்போது குனிந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அந்த இடத்தில் பாட்டு வேண்டாம், சத்தம் அப்படியே வரட்டும்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் யூடியூபில் வில்லேஜ் குக்கிங் சேனல் தொடங்கியவர்கள் செய்ததும் இதுதானே. தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். தங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை, வேலையை முழுசாகக் காட்டினார்கள். 2021-ல் ஒரு கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

எழுத்துக்கும் ஒன்று சொல்கிறேன். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே 2,200 எழுத்து வரை எழுதலாம், லிங்க்ட்இன்னில் 3,000 வரை போகலாம் என்று நீதான் சொன்னாய். ஆனால் தொட்டுத் திறக்காதவர் கண்ணில் படுவது முதல் இரண்டு மூன்று வரிதான். அந்த இடத்தில் "எல்லோருக்கும் வணக்கம், இன்று ஒரு முக்கியமான விஷயம்" என்று வைக்காதே. "பாத்ரூமுக்கு இந்தக் கல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்" என்று தொடங்கு.

"நூற்றாண்டுப் பாரம்பரியக் குடும்பம்" என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. பட்டறை உன் ஐயா தொடங்கியது. அவர் இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்துக் கற்றுக்கொண்டார். அதை எழுது, அதில் என்ன குறைச்சல்? செட்டிநாட்டு வீடுகளில் உள்ள தரை எல்லாம் நம் ஊர்க் கல் என்றும் எழுதாதே. இத்தாலி மார்பிள் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த டைல்ஸ் இருக்கிறது. காரைக்குடி ஆச்சி யாராவது அதைப் படித்தால் நீ எழுதிய மற்றதையும் நம்ப மாட்டார்.

பட்டறை ஆட்களிடம் கேட்காமல் முகத்தைப் போடாதே. கலர் ஊற்றுகிற அண்ணனிடம் நான் பேசிவிட்டேன். கையையும் வேலையையும் எடுக்கலாம், வீட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் எழுத வேண்டாம் என்றார். அவருக்கு நாம் வாழ்வு கொடுத்ததாக ஒரு வரிகூட வரக் கூடாது. அவர் வேலை செய்கிறார், நாம் சம்பளம் கொடுக்கிறோம். அவர் கையில்தான் நம் பட்டறையே ஓடுகிறது.

நாளைக்குப் பெயின்ட் கம்பெனியோ சிமெண்ட் கம்பெனியோ காசு கொடுத்து எழுதச் சொன்னால், விளம்பரம் என்று மேலேயே போட்டுவிடு. 2021-லேயே விளம்பரத் தர கவுன்சில் விதி வகுத்துவிட்டது. விதி இல்லாவிட்டாலும் ஐயாவின் கதைக்கு நடுவே சிமெண்ட் மூட்டையைச் செருகுவதை நான் விரும்ப மாட்டேன்.

சரி, அம்மா விஷயம். பட்டறை மூடிக்கிடந்தது நம் எல்லோருக்கும் நடந்தது. அதை நீ எழுதலாம். தொட்டி வறண்டு கிடந்தது, வந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம், நீ வேலையை விட்டு வந்து கணக்கு நோட்டை எடுத்தாய், பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாய். அது உன் கதை, உன் தொழில் அங்கேதான் தொடங்கியது. ஆனால் ஆஸ்பத்திரி, நோயின் பெயர், அவள் பட்ட வலி எல்லாம் அவளுடையது. ஒரு தடவை வெளியே போட்டுவிட்டால், கல் வாங்க வருகிற ஒவ்வொருவரும் அவளைப் பார்த்து "இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்கு அது வேண்டாம்.

நானாக முடிவு செய்யவில்லை, அவளிடமே கேட்டேன். "பட்டறை மூடினதை எழுதட்டும், திரும்பத் திறந்ததையும் எழுதட்டும். என் படம் வேணாம். ஆளுங்களுக்கு அந்த மாசச் சம்பளத்தை என் வளையலை வச்சுத்தான் குடுத்தோம்னு வேணா எழுதச் சொல்லுங்க, அது பெருமைதானே" என்றாள். ஆகவே வளையலை எழுதலாம். எழுதியதைப் போடுவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடு, அப்போதுதான் அவள் ஓய்வாக இருப்பாள்.

அன்புடன்,
அப்பா