கன்றுக்குப் பணம் இருக்கிறது, வாய்க்காலுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டுக்கு நிதி என்று செய்தி வந்தாலே எத்தனை ஆயிரம் கன்று நட்டார்கள் என்ற கணக்குதான். எங்கள் முத்துப்பேட்டையில் நடுவது பெரிய வேலையே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை காய்ந்து, தாழ்ந்து, தாம்பாளம் மாதிரி ஆகி, உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் வெயிலில் வற்றி உப்புப் பூத்துக் கிடந்தது. அதில் எதை நட்டாலும் கருகும். மீன்முள் போல நடுவில் ஒரு வாய்க்காலும் இரண்டு பக்கமும் கிளைகளும் வெட்டி, ஓதம், அதாவது கடல்நீர், ஏறி இறங்க வழிவிட்ட பிறகுதான் கன்று பிடித்தது.

சரி, அந்த வாய்க்காலில் சேறு சேருமே? வாயடைத்தால் பழைய கதைதான். தூர்வார இடுப்பளவு சேற்றில் இறங்குவது ஊர்க்காரர்கள், அன்றைக்கு மீன்பிடியும் போச்சு. கேட்டால், திட்டக்காலம் முடிந்துவிட்டதாம்! 2018 கஜா புயலில் இந்தக் காடு முறிந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். நடவு விழாவுக்குப் பந்தல் போடும் காசைத் தூர்வாரும் வேலைக்காகக் கிராமக் குழுவின் கணக்கில் போடுங்கள், வருடாவருடம், கொஞ்சமாக இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முத்துப்பேட்டை