குறள் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்து அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களுக்கும், பாடசாலைகளில் திருக்குறள் போட்டிகளை ஒழுங்கு செய்வோருக்கும்,

வணக்கம். இந்த வருடப் போட்டிக்கான சுற்றறிக்கை போவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை குறளை மனனமாகச் சொல்லி முடித்ததும், அதிலுள்ள ஒரு சொல்லை எடுத்து, "இதற்கு இங்கே என்ன பொருள்?" என்று கேளுங்கள். அதற்கும் புள்ளி போடுங்கள்.

குணநலன்களுக்கு வள்ளுவர் வைத்த பெயர்கள் பல இன்றும் எங்கள் வாயில் புழங்குகின்றன. ஆனால் பொருள் இடம் மாறிவிட்டது. பிள்ளைகள் இன்றைய பொருளை வைத்துக்கொண்டே பழைய குறளை விளங்கிக்கொள்கிறார்கள்.

அண்மையில் ஒரு போட்டியில் சபையோடு சபையாக இருந்தேன். தரம் 8 பிள்ளை ஒருத்தி, "அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு ஐந்துசால்பு ஊன்றிய தூண்" என்று ஒரு சீர் பிசகாமல் சொன்னாள். விளக்கம் சொல்லும்போது, கண்ணோட்டம் என்றால் ஒரு விடயத்தை நாங்கள் பார்க்கும் விதம் என்றாள். நடுவர்கள் தலையாட்டினார்கள். பிள்ளையில் பிழையே இல்லை. பத்திரிகையில் 'அரசியல் கண்ணோட்டம்' என்று வாசித்து வளர்கிற பிள்ளை வேறு எதைச் சொல்லும்?

குறளில் அது இரக்கம். பழகிய ஒருவரைக் கண்டால் அவர் கேட்டதை மறுக்க முடியாமல் கண் இளகுகிறதே, அது. பரிமேலழகர் உரை அப்படித்தான் சொல்கிறது. அந்த உரையை 1861இல் அச்சேற்றியவர் எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர். ஆகவே இந்தப் பொருள் யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. "கண்ணிற்கு அணிகலம் கண்ணோட்டம் அஃதின்றேல் புண்ணென்று உணரப் படும்" என்பது எவ்வளவு கடுமையான வார்த்தை! இரங்காத கண் வெறும் புண்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண்ணோட்டம் என்ற 58ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவற்றுக்கு அடுத்ததாக வருகிறது. அதாவது ஆளுகிறவனுக்கு, தண்டிக்கும் உரிமை உள்ளவனுக்குச் சொன்ன குணம். வகுப்பறையில் அந்த உரிமை எங்கள் கையில்தான் இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் அந்தக் குறளை எங்களுக்கே ஒருதரம் சொல்லிப் பார்க்கலாம்.

நாண் என்றால் இப்போது பெண்பிள்ளை தலை குனிந்து நிற்பது என்றாகிவிட்டது. வள்ளுவர் இதை அப்போதே பிரித்து வைத்திருக்கிறார்: "கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற." தகாத செயலுக்குக் கூசுவதுதான் நாண், பெண்களின் வெட்கம் வேறு. ஆண்பிள்ளைகளிடம் இந்தக் குறளைக் கட்டாயம் கேளுங்கள்.

ஒழுக்கத்தின் கதை பெரிது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒழுகுதல் என்றால் நடந்துகொள்ளுதல். அக இலக்கணத்தில் காதலர் கூடுவதும் பிரிவதும் ஊடுவதும்கூட ஒழுக்கம்தான். குறளுக்கு வரும்போது அது உயிரினும் மேலான நன்னடத்தை. இன்று பாடசாலையில் அந்தச் சொல் தலைமயிர், சப்பாத்து, ஒழுக்காற்றுக் குழு என்ற அளவுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. வீட்டிலும் 'நல்ல பிள்ளை' என்றால் குழப்படி இல்லாத, சொல்வழி கேட்கிற பிள்ளை. சொல்வழி கேட்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பொய் சொல்லாத, பிறருக்கு இரங்குகிற குழப்படிக்காரப் பிள்ளைக்கு எங்களிடம் ஒரு பெயரும் இல்லாமல் போய்விட்டதே.

என்னை அதிகம் உலுக்கும் சொல் சான்றோன். புறநானூற்றுப் 312ஆம் பாட்டில் பொன்முடியார், "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்கிறார். அடுத்த அடியிலேயே கொல்லன் வேல் வடிக்கிறான். கடைசியில் மகன் போரில் யானையை வீழ்த்தித் திரும்ப வேண்டும். அங்கே சான்றோன் என்றால் வீரன் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். குறளின் சான்றாண்மை அதிகாரத்துக்கு வந்தால் வேலும் இல்லை, யானையும் இல்லை. "பிறர்தீமை சொல்லா நலத்தது சால்பு" என்று நிற்கிறது. அடுத்தவனின் குற்றத்தைப் பரப்பாமல் இருப்பவன் சான்றோன். போரைக் கண்ட மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு. ஒரே சொல்லுக்குள் ஒரு சமூகம் எதை மதித்தது, பிறகு எதை மதிக்கத் தொடங்கியது என்பது தெரியும். அதைப் பற்றி அவர்கள் வாதாடட்டும். அதற்கு ஒரு சனிக்கிழமைப் பொழுது போனாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒப்புரவு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அது ஒப்புரவு அருட்சாதனம், பாவமன்னிப்போடு சேர்ந்த சொல். குறளில் அது ஊரோடு ஒத்து, கைம்மாறு பாராமல் உதவி வாழ்வது. இதற்கு விரிவுரை வேண்டாம். பருத்தித்துறைக்குக் கூட்டிப் போய்த் தெருமூடி மடத்தைக் காட்டுங்கள். வீதியே அதற்குள்ளால் போகிறது. இரண்டு பக்கமும் வழிப்போக்கர் இருந்து ஆறத் திண்ணை. பழைய வீதியோரங்களில் சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல், பக்கத்தில் தண்ணீர்க் கேணி. மாட்டுக்கு முதுகு கடிக்கும் என்று நினைத்து ஒருவர் கல் நட்டிருக்கிறார். அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு ஒப்புரவு மறக்காது.

செலவு அதிகம் இல்லை. நடுவர்களுக்கு முன்கூட்டியே பத்துப் பதினைந்து சொற்களும் அவற்றின் பழைய, புதிய பொருள்களும் கொண்ட ஒரு தாள் கொடுத்தால் போதும். மானிப்பாயில் 1842இலேயே அகராதி அச்சிட்ட ஊர் இது. சொல் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். நானும் தருவேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்