டச்சப் பெயிண்ட் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டச்சப் பெயிண்ட் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

“சுத்தமான, உலர்ந்த பரப்பில் பூசவும்” என்று, காரில் பெயிண்ட் பெயர்ந்த சின்னச் சின்ன இடங்களை மூட நீங்கள் விற்கும் புட்டியில் போட்டிருந்ததை நம்பினேன். பானட்டில் கல் தெறித்துப் பெயர்ந்த புள்ளியை ஷாம்பு போட்டுக் கழுவி, காயவிட்டுப் பூசினேன். தூரிகையை எடுத்த உடனே பெயிண்ட் நடுவில் விலகி ஓரமாகச் சுருண்டது. சரி, இன்னொரு பூச்சு கொடுத்தால் மூடிவிடும் என்று மேலேயே பூசினேன். இரண்டு வாரத்தில், கார் கழுவும்போது நகம் பட்டுச் செதிலாகக் கழன்று கையோடு வந்துவிட்டது.

கழுவினால் அழுக்குப் போகும், பளபளப்புக்காக முன்பு பூசிய வாக்ஸ் (மெழுகு) முழுசாகப் போகாது. தண்ணீரை முத்து முத்தாக உருட்டுகிற அந்தப் படலம் பெயிண்டையும் ஒட்டவிடாது. சிலிகான் கலந்த பாலிஷ் என்றால் இன்னும் மோசம், பூச்சில் குழி குழியாக விழும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டு வாசலில் உட்கார்ந்து பூசுகிறவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

அதனால் கேட்கிறேன்: “முதலில் வாக்ஸை எடுங்கள்” என்பதை முதல் வரியாகப் போடுங்கள். எப்படி எடுப்பது என்றும் சொல்லுங்கள். வாக்ஸ் ரிமூவர், இல்லையென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர். நிழலில், சூடு இல்லாத தகட்டில் செய்ய வேண்டும். முக்கியமாக, இரண்டு துணி வேண்டும். ஒன்றால் நனைத்துத் துடைத்து, அந்த ஈரம் காய்வதற்குள் மற்றொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் கரைந்த வாக்ஸ் திரும்பவும் அங்கேயே படியும். பெயர்ந்த இடத்தின் விளிம்பில் ஒளிந்திருப்பதைப் பஞ்சுக் குச்சியால்தான் எடுக்க முடியும். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம்; முத்தாக நின்றால் மறுபடி துடைக்க வேண்டும், பரவினால் காயவிட்டு, விரல் படாமல் பூசலாம்.

தின்னரைத் தொடாதீர்கள் என்றும் எழுதுங்கள். அவசரத்தில் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். ஏற்கெனவே ரீபெயிண்ட் செய்த வண்டியில் அது நல்ல பெயிண்டையும் இளக்கிவிடும். செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் கெட்டியாக ஒட்டும் பாதுகாப்புப் பூச்சு) போட்ட வண்டிக்கு இந்தத் துடைப்பு போதாது, அந்த இடத்தில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

புட்டி சிறியது, இடமில்லை என்றால், பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
அதே புள்ளியை இரண்டு முறை பூசிய ஒரு வாடிக்கையாளர்