பாட்டி சொன்னதைப் பாட்டிக்கே வாசித்துக் காட்டியவர்களுக்கு

அல்சூர் சொந்தங்களுக்கும், இந்த வழக்கில் கூடவே நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

பாட்டி போட்ட வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. பாட்டியைச் சட்டப்படி அல்லாமல் அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது என்று நிரந்தரத் தடை கிடைத்திருக்கிறது. என்ன நடந்தது, எப்படி ஆரம்பித்தது என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல். படபடப்பு இன்னும் அடங்கவில்லை, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு எழுதிய நீதிபதிக்கு எங்கள் வணக்கம். ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு அவருக்கு முன்னால் அதே கோர்ட் ஹாலில் இருந்த ஜட்ஜம்மாவுக்கு உரியது. பாட்டியின் சாட்சியம் பதிவானது அவர் முன்னால்தான். அதற்குப் பிறகு வந்த மாற்றலில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு நீதிபதி சாட்சியம் பதிவு செய்து மாறிப்போனால், அடுத்து வருகிறவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 15 அதற்கு இடம் தருகிறது. புதிதாக வந்தவர் பாட்டியின் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. அவர் கையில் இருந்தது தட்டச்சான சில பக்கங்கள் மட்டும். அந்தப் பக்கங்கள் சரியாக இருந்ததால்தான் இன்றைக்கு இந்தத் தீர்ப்பு.

அவை எப்படிச் சரியாயின என்பதை விவரமாகவே சொல்கிறோம், ஏனென்றால் இது பெங்களூரில் சாட்சிக் கூண்டில் ஏறும் எந்தத் தமிழருக்கும் நேரக்கூடியது.

கீழ்க்கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் கேள்வி பதிலாக எழுதுவது வழக்கமில்லை. வக்கீல் கேட்பார், சாட்சி பதில் சொல்வார், நீதிபதி இரண்டையும் சேர்த்து சாட்சியே பேசுவதுபோல் ஒரு வாக்கியமாக்கி டைப்பிஸ்டுக்குச் சொல்வார். 'நான் இன்ன வருஷம் குடிவந்தேன்', 'நான் வாடகை கொடுத்தேன்' என்று அது பதிவாகும். சாட்சி தமிழில் சொல்ல, பதிவு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும்போது இடையில் ஒரு மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. மேலே மின்விசிறி ஓடுகிறது, வாசலில் அடுத்த வழக்குக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தப்பு நேர யாரும் கெட்ட எண்ணத்தோடு இருக்க வேண்டியதே இல்லை.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது இது: 'வழக்குப் போட்ட தேதியில் நீங்கள் அந்த வீட்டில் இல்லை, சரிதானே?' பாட்டி சொன்னது: 'இல்லீங்க.' அங்கேதான் இருந்தேன், நீங்கள் சொல்வது சரியில்லை என்பது அவர் எண்ணம். பதிவானது, 'வழக்குப் போட்ட தேதியில் நான் அந்த வீட்டில் இல்லை' என்று. தடை கேட்கும் வழக்கில் உயிர்நாடியே, வழக்குப் போட்ட நாளில் வாதி, அதாவது வழக்குப் போட்டவர், சட்டப்படி அந்த வீட்டைத் தன் வசம் வைத்திருந்தாரா என்பதுதான். அந்த ஒரு வரி அப்படியே நின்றிருந்தால், வாடகை ரசீது, மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு என்று எதைக் காட்டினாலும், 'வாதியே ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஜட்ஜம்மா செய்தது பெரிய உதவி ஆகிறது. விசாரணை தொடங்கும்போதே, 'அம்மாவுக்குக் கன்னடம் எவ்வளவு புரியும்?' என்று கேட்டார். கடைக்குப் போய்வரும் அளவு என்று தெரிந்ததும், எங்கள் வக்கீலின் ஜூனியரே மொழிபெயர்க்கலாம் என்று சொன்னதை ஏற்கவில்லை. எதிர்த்தரப்பு ஆள் வேண்டாம் என்பது எவ்வளவு நியாயமோ, நம் ஆளும் வேண்டாம் என்பது அவ்வளவு நியாயம். பக்கத்து ஹாலில் வேலை பார்க்கும் கோலார் தங்கவயல்காரர் ஒருவரை அழைத்துவரச் சொன்னார். தமிழும் கன்னடமும் இரண்டும் தாய்மொழி மாதிரி பேசுகிறவர். அவரைச் சும்மா நிற்க வைத்து மொழிபெயர்க்கவும் விடவில்லை. சாட்சியைப் போலவே மொழிபெயர்ப்பவரும் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம். அதன்படி பிரமாணம் எடுக்க வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். பாட்டிக்கு ஒரு நாற்காலியும் போடச் சொன்னார்.

விசாரணை முடிந்த பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. இங்கே சாட்சியப் பிரதியின் அடியில் 'ஆர்.ஓ.ஐ. அண்ட் ஏ.சி.' என்று ஒரு எழுத்துச் சுருக்கம் இருக்கும். வாசித்து, மொழிபெயர்த்துக் காட்டப்பட்டது, சரியென்று சாட்சி ஒப்புக்கொண்டார் என்பது அதன் பொருள். கட்டளை 18, விதி 6 கேட்பதும் இதைத்தான்: சாட்சி பேசிய மொழி வேறு, எழுதிய மொழி வேறு, எழுதிய மொழி சாட்சிக்குப் புரியாது என்றால், எழுதியதை அவர் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். கூட்டம் அலைமோதும் நாளில் இது வெறும் சடங்காகப் போய்விடுவதுண்டு. ஜட்ஜம்மா அதைச் சடங்காக விடவில்லை. மற்ற வழக்குகளை நிறுத்தி வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தச் சொல்லி, பாட்டி தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

அந்த வரி வந்ததும் பாட்டி எழுந்தே விட்டார். 'ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே தாயி!'

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். அது அவர் கடமை, தவறில்லை. ஜட்ஜம்மா ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேள்வி பதிலாகவே பதிவு செய்தார். அதே கட்டளை 18இன் விதி 10 அதற்கு இடம் தருகிறது. பிறகு எதிர்மறையை எடுத்துவிட்டு அவரே கேட்டார்: 'அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?' 'எங்க வூட்லதாம்மா இருந்தேன், அடுப்பு எரிஞ்சிட்டிருந்துச்சு.' அதுவும் அப்படியே பதிவானது. உண்மையைத் தெளிவாக்க நீதிபதி தானே கேள்வி கேட்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 165ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 168ஆம் பிரிவு.

இதோடு முடிந்திருந்தால் ஜட்ஜம்மா நம் பக்கம் சாய்ந்தார் என்று யாராவது நினைக்கலாம். அடுத்த பக்கத்திலேயே இன்னொரு தப்பு அகப்பட்டது. குடிவந்த வருஷம் 1992 என்று பாட்டி சொல்லியிருந்தார். கன்னடத்தில் தொண்ணூற்றிரண்டு தொம்பத்தெரடு, எண்பத்திரண்டு எம்பத்தெரடு. சத்தத்துக்கு நடுவே 1982 என்று ஏறிவிட்டது. பார்த்தால் நமக்குப் பத்து வருஷம் லாபம். அதையும் அதே நிதானத்தோடு 1992 ஆக்கினார். சான்றாவணமாகக் குறியீடு செய்த வாடகை ஒப்பந்தம் 1992 என்றுதான் சொல்கிறது. தப்பான வருஷம் நின்றிருந்தால் சாட்சியும் ஆவணமும் முரண்படுகின்றன என்று வாதத்தில் நம்மையே அது கவிழ்த்திருக்கும். யாருக்கு லாபம் என்று பார்க்காமல் பாட்டி சொன்னது என்ன என்பதை மட்டும் பார்த்த அந்த நேர்மைக்குத்தான் நாங்கள் தலைவணங்குகிறோம்.

தீர்ப்பில் இந்த இரண்டு திருத்தங்களும் எடுத்தெழுதப்பட்டிருக்கின்றன. சாட்சியம் நம்பத்தக்கது என்பதற்குக் காரணமே அதுதான் என்கிறது தீர்ப்பு.

ஜட்ஜம்மாவின் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். வழக்காடியவர்கள் நீதிபதிக்குப் பூங்கொத்து நீட்டுவதோ கடிதம் அனுப்புவதோ முறையில்லை. பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்கு மேல்முறையீடு நேராக ஹைகோர்ட்டுக்குப் போகும், அதற்கு 90 நாள் அவகாசம், நகல் வாங்கப் பிடிக்கும் நாட்கள் அதில் சேராது. அந்தக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பெயரை இதில் இழுத்து அவருக்குச் சங்கடம் உண்டாக்க மாட்டோம்.

கீழ்க்கோர்ட்டு நீதிபதி ஒருவர் ஒரு பிற்பகலை ஒரு கிழவியின் சில பக்கங்களுக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வேலையைக் கிட்டே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். காலையில் வழக்குகளைக் கூப்பிட்டு வாய்தா போடவே நேரம் போகும். பிறகு சாட்சியம், வாதம். தீர்ப்பு எழுதுவது பெரும்பாலும் வீட்டில், ராத்திரியில். மாதாமாதம் எத்தனை வழக்கை முடித்தார் என்று யூனிட் கணக்கு உண்டு. அதை வைத்துத்தான் அவர் வேலையை எடைபோடுவார்கள். நிதானமாக வாசித்துக் காட்டிய பொழுது அந்தக் கணக்கில் பெரிதாக நிற்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம், 60 வயதில் ஓய்வு. அந்த 60கூட 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்தது, அதற்கு முன் 58. 1958இல் கேரளத்தில் முன்சீப்பாக (கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக) சேர்ந்து 1989இல் உச்ச நீதிமன்றம் வரை போன பாத்திமா பீவியைப் போல (நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார்) உயரம் தொட்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் செய்த நல்லது ஏதோ ஒரு வழக்குக் கட்டுக்குள், ஏதோ ஒரு சாட்சியப் பிரதியில் கிடக்கிறது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. பிரமாணம் எடுத்து, பாட்டியின் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன தங்கவயல் ஐயாவுக்கு. முகம் சுளிக்காமல் பக்கங்களைத் திரும்ப அடித்த டைப்பிஸ்ட் அக்காவுக்கு. தேதி மாறும்போதெல்லாம் போனில் பொறுமையாகப் பதில் சொன்ன வக்கீல் குமாஸ்தாவுக்கு. சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் அமர்த்திக் கொடுத்தவர்களுக்கு (1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது). ஆவணங்களைக் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தம்பிக்கு, ஆட்டோ அண்ணனுக்கு, பாட்டியோடு ராத்திரி துணைக்குப் படுத்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு. எல்லாருக்கும் கும்பிடு.

கூண்டேறப் போகிறவர்களுக்குச் சில சொல்லி வைக்கிறோம். முதல் விசாரணைக்கு, அதாவது நம் வக்கீல் நம்மைக் கேட்கும் கட்டத்துக்கு, இப்போது அஃபிடவிட் (பிரமாண வாக்குமூலம்) தாக்கல் செய்தால் போதும். ஆனால் அதைத் தமிழில் வரிவரியாகக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள், கடைசிப் பத்தியில் 'தமிழில் விளக்கப்பட்டது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், 'ஏழாவது பத்தியில் என்ன இருக்கிறது?' என்று குறுக்கு விசாரணையில் கேட்டு, 'தெரியாது, வக்கீல் எழுதினார்' என்று சொல்லவைத்து, மொத்தத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறுக்கு விசாரணை தொடங்கும் முன்பே வக்கீலை மெமோ (கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்பு) போடச் சொல்லுங்கள். கூண்டில் வெறும் 'ஆமா', 'இல்லை' சொல்லாதீர்கள். 'நான் அங்கே இருந்தேன்', 'நான் கொடுத்தேன்' என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தப்பு என்று பட்டால் அங்கேயே, கையெழுத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அப்புறம் சாட்சியை மறுபடி அழைக்க கட்டளை 18, விதி 17இன் கீழ் தனி மனு போட வேண்டும், அதை எளிதில் அனுமதிக்க மாட்டார்கள். சாட்சியம் முடிந்ததும் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு, வாங்கித் தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

நம் தெருவில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் சிவில் நீதிபதி தேர்வை ஹைகோர்ட் நடத்துகிறது. முதன்மைத் தேர்வில் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்க்கும் தாள் உண்டு, அதனால் கன்னடத்தைப் பேச மட்டுமல்ல, எழுதவும் படியுங்கள். 2025 மே 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூன்று வருஷ வக்கீல் அனுபவத்தை மறுபடி கட்டாயமாக்கியது. இரண்டாவது நீதித்துறை ஊதியக் குழுவின்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய். கௌரவமாகக் குடும்பம் நடத்தலாம். கன்னடம் எழுதத் தெரிந்த பெரியவர்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்கள். இடம் கோயில் பக்கத்து மாடி.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். இந்தப் பகுதியில் தமிழ் மட்டும் தெரிந்த யாருக்காவது சாட்சித் தேதி விழுந்தால், ஒரு வாரம் முன்னால் எங்களிடம் சொல்லுங்கள். வழக்கைப் பற்றி எதுவும் கேட்க மாட்டோம், சாட்சிக்கு எதுவும் சொல்லித்தரவும் மாட்டோம். வக்கீலிடம் மெமோவை நினைவுபடுத்தவும், ஹாலில் கடைசி பெஞ்சில் உட்காரவும், நகல் மனு போடவும் எங்களில் ஒருவர் கட்டாயம் கூட வருவார்.

நன்றியுடன்,
பாட்டியின் தெருக்காரர்கள்
அல்சூர், பெங்களூர்