வெளிச்சக் கோடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஆந்திராவாக இருந்தாலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தமிழ்தான், உங்கள் பேப்பர் எல்லை தாண்டி வருவதற்குக் கொஞ்சம் நேரமானாலும் காத்திருந்து வாங்குகிறோம். போன ஞாயிறு இணைப்பில் வெளிச்சம் மாறும் நட்சத்திரங்களைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஆசையாகப் படித்தேன். ஆனால் வெளிச்சம் ஏறி இறங்கும் கோட்டைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் அது என்ன வகை நட்சத்திரம் என்று சொல்லிவிடும் என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அது பாதிதான் சரி.

நான் எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டில் வாசல் லைட் மங்கி மங்கி எரிகிறது என்று கூப்பிட்டார்கள். வோல்டேஜ் பார்த்தேன், ஹோல்டரைக் கழற்றி மாட்டினேன், கடைசியில் பார்த்தால் முருங்கைக் கிளை ஒன்று காற்றில் ஆடி விளக்கை மறைத்துக்கொண்டிருந்தது. விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. நட்சத்திரத்திலும் இதே வம்புதான். மங்கினால் அதற்கே ஏதோ ஆகிறதா, இல்லை குறுக்கே எதுவோ வருகிறதா என்பதை வெளிச்சத்தின் அளவு மட்டும் எப்போதும் சொல்லாது.

அல்கோல் என்ற நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு இறங்கிவிடும். குட்ரிக் என்ற காது கேளாத 18 வயதுப் பையன் 1783ல், இன்னொரு பொருள் குறுக்கே போய் மறைக்கிறது போல என்றான். சரியான ஊகம், ஆனால் ஊகம்தான். 100 வருடத்துக்கு மேல் கழித்து 1889ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் வோகல் என்பவர் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து (இப்படிப் பிரித்ததைத்தான் நிறமாலை என்கிறோம்), அதிலுள்ள கருங்கோடுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்தார். சிவப்புப் பக்கம் நகர்ந்தால் விலகுகிறது, நீலப் பக்கம் நகர்ந்தால் நெருங்குகிறது என்று அர்த்தம். மங்குவதற்கு முன்னால் நட்சத்திரம் நம்மைவிட்டு விலகிப் போகிறது, மங்கி முடிந்ததும் நம்மை நோக்கி வருகிறது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஜோடி ஒன்றுடன் சேர்ந்து சுற்றுகிறது. முருங்கைக் கிளை அகப்பட்டுவிட்டது!

இதையே தலைகீழாகவும் பாருங்கள். டெல்டா செபி என்ற நட்சத்திரத்தை 1894ல் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது கோடுகள் அங்கும் முன்னும் பின்னும் நகர்ந்தன. சரி, இதுவும் ஜோடிதான் என்று பலரும் நினைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டால் அந்த ஜோடி இந்த நட்சத்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே சுற்ற வேண்டியிருந்தது. 1914ல் ஷாப்லி என்ற அமெரிக்க வானியலாளர், இது ஜோடி இல்லை, நட்சத்திரமே ஊதிச் சுருங்குகிறது என்றார். கோடு நகர்வதைப் பார்த்தால் மட்டும் போதாது, எவ்வளவு நகர்கிறது, கூடவே நட்சத்திரத்தின் சூடு மாறுகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதற்கும் வழி அதே ஒளிக்குள்தான் இருக்கிறது. எந்தச் சூட்டில் எந்தத் தனிமத்தின் கோடு பலமாகத் தெரியும் என்பதற்கு 1920ல் கணக்குக் கொடுத்தது நம் மேகநாத சாகா.

உங்கள் கட்டுரை சொன்ன கம்ப்யூட்டர் தடுக்கி விழும் இடம் ஒன்றும் உண்டு. 7 மணி நேரத்துக்கு ஒருமுறை அலை மாதிரி ஏறி இறங்கும் வெளிச்சக் கோடு ஒன்றைக் கொடுத்தால், அது ஊதிச் சுருங்கும் ஆர்ஆர் லைரே வகையாகவும் இருக்கலாம், ஒட்டிக்கொண்டு 14 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றி, சுற்றுக்கு இருமுறை மங்கும் இரட்டை நட்சத்திரமாகவும் இருக்கலாம். இரண்டின் வெளிச்சக் கோடும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நிறமாலை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒட்டிய ஜோடியில் கருங்கோடுகள் அகன்று கலங்கி, சில நேரம் இரண்டாகப் பிரிந்தே தெரியும். ஆர்ஆர் லைரேயில் ஹைட்ரஜன் கோடுகள் பளிச்சென்றும் உலோகக் கோடுகள் மெலிந்தும் இருக்கும்.

அப்புறம் ஏன் எல்லா நட்சத்திரத்துக்கும் நிறமாலை எடுப்பதில்லை? ஒரு கரண்டி மாவைப் பெரிய கல் முழுக்க இழுத்தால் தோசை எவ்வளவு மெல்லிசாக வரும், ஒளியும் அப்படித்தான். பிரிக்கப் பிரிக்க மங்கும், அதனால் தொலைநோக்கியில் பெரிய கண்ணாடியும் அதிக நேரமும் வேண்டும். கையா விண்கலம் 2022ல் சுமார் 22 கோடி நட்சத்திரங்களுக்கு நிறமாலை வெளியிட்டது உண்மைதான், ஆனால் அது மேலோட்டமானது, கோடு பிரிவதையெல்லாம் அதில் பார்க்க முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போனால் வரும் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லிருந்து இருக்கிறதே, அதில் நிறமாலை எடுப்பது முக்கியமான வேலை. நம் மலையில் நடப்பதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதில் எனக்கு வருத்தம்.

அதைவிட வருத்தம் திருவாதிரை விஷயத்தில். எங்கள் வீட்டில் திருவாதிரை, பக்கத்து வீட்டில் ஆருத்ரா, நட்சத்திரம் ஒன்றுதான். 2020 பிப்ரவரியில் அது வழக்கமான வெளிச்சத்தில் பாதிகூட இல்லாமல் மங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று நீங்கள் இப்போதும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதமே அமெரிக்காவில் நிறமாலை எடுத்துப் பார்த்தார்கள். டைட்டானியம் ஆக்சைடு விட்ட தடத்தை வைத்துச் சூடு 3,600 கெல்வின் என்று வந்தது, 2004ல் 3,650. அவ்வளவு மங்குவதற்கு இந்த 50 எந்த மூலைக்கு? அதனால் குறுக்கே தூசு என்றார்கள். மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும் அதோடு சேர்ந்துகொண்டது என்று அடுத்து வந்த ஆய்வுகள் சொல்லின.

ஸ்பெக்ட்ரம் என்றாலே நம் ஆட்களுக்கு 2ஜி வழக்குதான் ஞாபகம் வருகிறது, அதனால்தான் நிறமாலை என்றே எழுதினேன். மாணவர் பக்கத்தில் இதற்கு அரைப் பத்தி ஒதுக்குங்கள். தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய சிடியில் குண்டு பல்பின் வெளிச்சத்தைப் பட்டுத் தெறிக்கவிட்டால் நிறங்கள் ஒட்டினாற்போல் தெரியும், சிஎஃப்எல் பல்பில் துண்டு துண்டாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படம் பிடித்துப் போடலாம். பல்பு கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், என் கடையில் ஒரு பெட்டி கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
குப்பம், சித்தூர் மாவட்டம்.