அப்பாவுக்கு, மியாமியிலிருந்து

மியாமி,
20 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? மில்ட்டன் புயல் செய்தியைப் பார்த்துவிட்டு நீங்கள் போன் செய்த அன்று லைன் விட்டு விட்டுத்தான் கேட்டது. "தெரிஞ்சே புயலுக்குள்ள ஏரோப்ளேன் ஓட்டிட்டுப் போறாங்களாமே, அதுல போய் என்னத்தப் பாக்குறாங்க?" என்று கேட்டீர்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. போனில் இரண்டு வரியில் சொல்கிற விஷயமும் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. மில்ட்டன் 9ஆம் தேதி இரவு ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், சராசோட்டா ஊருக்குப் பக்கத்தில் கரை ஏறியது. நான் இருப்பது தென்கிழக்கு மூலையில். எங்களுக்கு மழையும் காற்றும், செல்போன் அலறும் சுழற்காற்று (டொர்னேடோ) எச்சரிக்கையும் வந்ததோடு சரி. ஆனால் எங்களுக்கு வடக்கே, அதே கிழக்குக் கரையில், புயல் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே அதன் வெளிவட்ட மேகத்திலிருந்து கிளம்பிய சுழற்காற்றுகளில் ஆட்கள் இறந்துபோனார்கள். புயலின் மையம் வந்து சேர்ந்தது மாநிலத்தின் மறுபக்கத்தில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஜூன் முதல் தேதி தொடங்கி நவம்பர் முடியும்வரை புயல் பருவம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மாதிரி இவர்களுக்கு செப்டம்பர்தான் பயம். எச்சரிக்கை வந்ததும் கடையில் முதலில் தீர்வது தண்ணீர் பாட்டில். அப்புறம் ரொட்டி, பேட்டரி. பெட்ரோல் பங்கில் வண்டிகள் தெரு முனை தாண்டி நிற்கும். பக்கத்து வீட்டுக் கியூபாப் பாட்டி எச்சரிக்கை வந்த உடனே தன் ஜன்னல்களுக்கு இரும்புத் தகடு மாட்டச் சொல்லிவிட்டு, எங்கள் எல்லோருக்கும் சின்னச் சின்னக் கோப்பையில் கெட்டியான காப்பி ஊற்றிக் கொடுப்பார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. ஆனாலும் அவர் சொல்வது முழுக்கப் புரிந்துவிடுகிறது.

உங்களுக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று சொல்கிறேன். இங்கே தெருவெல்லாம் தென்னைதான். ஆனால் காயைப் பறித்துப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. புயலில் காய் பறந்துபோய்க் கண்ணாடியை உடைக்கும் என்று, பருவம் தொடங்குமுன் ஆள் வைத்துக் குலையோடு வெட்டிப் போடுகிறார்கள். ஓரத்தில் குவிந்து கிடக்கும் இளநீரைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. இன்னொன்றும் கேள்விப்பட்டேன். முன்பு இங்கே இருந்தது ஜமைக்கா நெட்டை ரகம். 1970களில் மஞ்சள் நோய் ஒன்று பரவி அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது. இப்போது நிற்பவை பெரும்பாலும் அதற்கப்புறம் நட்ட மலேயன் குட்டையும் அதிலிருந்து வந்த கலப்பு ரகங்களும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

புயல் எங்கே போகும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு பலமாகும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் மனிதர்கள் வெகுதூரம் வந்துவிட்டார்கள். 1990 வாக்கில், மூன்று நாளுக்கு முன் 'இங்கே வரும்' என்று சொன்னால் அது சராசரியாக 500 கிலோமீட்டர் போலத் தவறிப்போகும். இப்போது 200 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. செயற்கைக்கோளும் கணினியும் செய்த வேலை. புயலைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம் அதை எந்தப் பக்கம் தள்ளும் என்று கணக்குப் போட்டால் பாதை கிடைத்துவிடுகிறது. மில்ட்டன் கரைக்கு வர நான்கு நாள் இருக்கும்போதே மேற்குக் கரையில் இருக்கும் டாம்பா நகரத்தை ஒட்டிய கரைப்பகுதியைக் காட்டிவிட்டார்கள்.

பலம் அப்படி இல்லை. அதைத் தீர்மானிப்பது புயலின் கண்ணை, அதாவது நடுவில் ஓய்ந்திருக்கும் இடத்தை, சுற்றி நிற்கும் மேகச் சுவர். சில கிலோமீட்டர் தடிமனுள்ள அந்த இடத்தில் நடப்பதை மேலிருந்து பார்த்துச் சரியாகச் சொல்ல முடிவதில்லை, மேகம் மூடிவிடுகிறது. அடியில் கடல் எவ்வளவு ஆழம்வரை சூடாக இருக்கிறது, பக்கத்திலிருந்து வறண்ட காற்று உள்ளே நுழைகிறதா, மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வேறு வேறு திசையில் இழுக்கின்றனவா என்று எல்லாம் சேர்ந்துதான் விடை. மில்ட்டன் 7ஆம் தேதி ஒரே நாளில் மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் ஏறியது. 24 மணி நேரத்தில் 55 கிலோமீட்டர் கூடினாலே இவர்கள் 'அதிவேகத் தீவிரம்' என்பார்கள். போன வருஷம் அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோ நகரத்தில் நடந்தது இன்னும் கொடுமை. சாதாரணப் புயலாக இருந்த ஓட்டிஸ், ஒரு நாளுக்குள் உச்ச வகைப் புயலாக (ஐந்தாம் வகை) மாறிக் கரை ஏறியது. எந்தக் கணினி மாதிரியும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊர் ஜனங்கள் சாதாரணப் புயல் என்று நினைத்துத் தூங்கப் போயிருப்பார்கள்.

அதனால்தான் உள்ளே போகிறார்கள். அரசு வானிலைத் துறையிடம் நான்கு புரொப்பெல்லர் வைத்த பி-3 விமானங்கள் இரண்டு இருக்கின்றன. 1970களின் நடுவிலிருந்து பறப்பவை. கெர்மிட், மிஸ் பிக்கி என்று செல்லப் பெயர். சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில் ஒரு பக்கமாக நுழைந்து, மேகச் சுவரைக் கிழித்துக்கொண்டு கண்ணைக் கடந்து, மறுபக்கம் வெளியே வந்து, திரும்பவும் வேறு திசையிலிருந்து நுழைவார்கள். எட்டு, ஒன்பது மணி நேரம் இதே வேலை. விமானப் படையும் தனியாக வேறு விமானங்கள் அனுப்புகிறது. வால் பக்கம் இருக்கும் ரேடார் மேகத்தை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும். கூடவே ஒரு கருவியைக் கீழே போடுவார்கள். அம்மா அடுப்பு ஊதும் ஊதாங்குழல் மாதிரி ஓர் அட்டைக் குழல், அரைக் கிலோகூட எடை இருக்காது. உச்சியில் சின்னப் பாராசூட். கடலைத் தொடும்வரை சில நிமிடம், காற்று எவ்வளவு, எந்தத் திசை, அழுத்தம், வெப்பம், ஈரம் என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே விழும். அப்புறம் கடலோடு போய்விடும். அது சொல்லும் எண்கள் உடனே கணினி மாதிரிகளுக்குள் போகின்றன.

இந்த வேலைக்கு விலை கொடுத்திருக்கிறார்கள் அப்பா. 1955இல் ஜேனட் புயலுக்குள் போன கடற்படை விமானம் திரும்பவே இல்லை. அதிலிருந்த 11 பேரும் போய்விட்டார்கள். 1989இல் ஹியூகோ புயலில் இதே பி-3 விமானம் ஒன்று வெறும் 1500 அடி உயரத்தில் நுழைந்து, ஓர் எஞ்சின் செத்து, தப்பிப் பிழைத்து வந்தது. அதிலிருந்துதான் பலமான புயலுக்குள் அவ்வளவு தாழ்வாகப் போவதில்லை.

பீட்டர் டாட்ஜ் என்ற ரேடார் விஞ்ஞானியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தன் வாழ்நாளில் 386 முறை புயலின் கண்ணுக்குள் போய் வந்தவர். 2023இல் காலமானார். இந்த மாதம் 8ஆம் தேதி, மில்ட்டனின் கண்ணுக்குள் நுழைந்த விமானத்திலிருந்து அவருடைய அஸ்தியைத் தூவினார்கள். அன்றைய அளவீட்டுச் செய்தியிலேயே, காற்றும் அழுத்தமும் எழுதிய எண்களுக்குக் கீழே, 387ஆவது முறை என்று அவர் பெயரோடு ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள். அதைத் திரையில் படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாம் காவிரியிலும் கடலிலும் கரைக்கிறோம். அவரை அவர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நான் விமானத்தில் போவதில்லை, அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். என் வேலை தரையில், வர்ஜீனியா கீ என்ற சின்னத் தீவில் இருக்கும் பல்கலைக்கழகக் கடல் ஆய்வுப் பள்ளியில். அங்கே ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் கடல்நீர் பிடிக்கும் கண்ணாடி போன்ற தொட்டி இருக்கிறது. ஒரு முனையில் ராட்சத விசிறி. அதை முடுக்கினால் தொட்டிக்குள் உச்ச வகைப் புயலின் காற்று அடிக்கும். முதலில் சின்ன அலை எழும். வேகம் ஏற ஏற அலையின் தலை பிய்ந்து பறக்கும். இன்னும் ஏற்றினால் நுரையும் திவலையும் வெள்ளை வெளேரென்று கலந்து, எது தண்ணீர், எது காற்று என்று பிரிக்க முடியாது. பக்கச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கையகலத்தில் அதைப் பார்க்கலாம்.

அந்த வெள்ளைக் கலவைக்குள்தான் புயலின் பலம் இருக்கிறது. புயல் சாப்பிடுவது கடலின் சூட்டை. அதைத் தடுப்பது கடல்பரப்பின் உராய்வு. காற்று கூடினால் அலை பெரிதாகும், உராய்வும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 2003இல், கீழே போட்ட அந்தக் குழல்கள் அனுப்பிய கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு வேகத்துக்கு மேல் உராய்வு ஏறுவதில்லை என்று தெரிந்தது. அடுத்த வருஷமே எங்கள் பள்ளியின் பழைய சின்னத் தொட்டியிலும் அதையே கண்டார்கள். வேகம் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டரைத் தொட்டதும், கடல் காற்றை இழுத்துப் பிடிக்கும் விகிதம் அதற்கு மேல் கூடுவதில்லை. அதாவது பலமான புயலுக்கு, நாம் நினைத்த அளவுக்கு முட்டுக்கட்டை இல்லை. இதைக் கணக்கில் சேர்க்காமல் பலத்தைச் சரியாக முன்னறிவிப்பது கடினம்.

நம் வங்காள விரிகுடாவில் இப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. மேகத்தின் வடிவத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, இவ்வளவு பலம் என்று மதிப்பிடும் முறையைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். டுவோராக் என்ற அமெரிக்கர் 1970களில் வகுத்தது. நல்ல முறைதான், உலகம் முழுக்கக் கைகொடுக்கிறது. ஆனால் உள்ளே போய் அளந்தது போல ஆகாது. நமக்கும் விமானம் வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் கடற்கரையில் இத்தனை லட்சம் பேர் காத்திருக்கிற நாட்டுக்கு அது ஆடம்பரம் இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜாவில் நம் தோப்பு விழுந்ததைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. முதலில் வடக்கிலிருந்து அடித்ததில் சாய்ந்தவை ஒரு பக்கம், கொஞ்சம் ஓய்ந்து தெற்கிலிருந்து திருப்பி அடித்ததில் சாய்ந்தவை இன்னொரு பக்கம் என்று கொல்லையில் நின்று காட்டினீர்கள். கண் நமக்குப் பக்கத்தில் கடந்து போனது என்று அந்த மரங்களே சொல்கின்றன. 1992இல் ஆண்ட்ரூ புயல் இந்த மியாமியின் தெற்குப் பகுதியைத் தரைமட்டமாக்கியபோது, ஃபுஜிட்டா என்ற விஞ்ஞானி இதே வேலையைத்தான் செய்தார். விழுந்த மரங்களையும் பிய்ந்த கூரைகளையும் வானிலிருந்து படம் எடுத்து, காற்று எங்கே எப்படிச் சுழன்றது என்று வரைந்தார்.

இதையெல்லாம் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பாதையைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதால் பலத்தையும் சரியாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 'சின்னப் புயல்தானாம்' என்று டிவியில் சொன்னால்கூட, ராத்திரியில் அது ஏறலாம். மல்லிப்பட்டினத்து அத்தை வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் ஐம்பது வருஷக் கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். புயலில் நேரடியாக இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரால்தான் போயிருக்கிறார்கள், அதில் பாதி கடல் ஏறி வந்ததால். போன மாதம் வந்த ஹெலீன் புயலில் கடலே இல்லாத மலை நாட்டில் ஆறு பெருகி ஊர்களை அடித்துப் போனது. காற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் இருப்பவர்களைத் தண்ணீர் வந்து தேடுகிறது. அதனால் நாகை, பாம்பன் துறைமுகங்களில் பெரிய எண் கூண்டு ஏற்றும்வரை காத்திருக்க வேண்டாம். புயல் நம் பக்கம் வருகிறது என்று சொன்ன அன்றே, பகல் வெளிச்சத்தில், அத்தையையும் மாமாவையும் வண்டி வைத்துக் கூட்டி வந்துவிடுங்கள். மாமா படகை விட்டு வரமாட்டேன் என்பார். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்பார்.

சென்னையில் போன வாரம் பெய்த மழையைப் பார்த்தேன், பருவம் பிடித்துவிட்டது. மோட்டார் கொட்டகைக் கூரையைத் தீபாவளிக்குள் இழுத்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். பணம் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் அப்பா. கஜா இரவில் காற்று எத்தனை மணிக்குத் திசை மாறியது, நடுவில் எவ்வளவு நேரம் ஓய்ந்தது, எந்த வரப்பில் எந்தப் பக்கம் மரம் விழுந்தது என்று நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். 1977 புயலைப் பற்றித் தாத்தா சொன்னவையும் இருந்தால் சேர்த்து எழுதுங்கள். தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்