எப்படியும் கீழே போகிற பிள்ளைகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீலகிரி கூடலூரில் நீ சூப்பிரண்டாகப் பொறுப்பேற்றதைக் கேள்விப்பட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. உன் பிரிவுக்குக் குரூப் 4 எழுதிய இளநிலை உதவியாளர்கள் இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். ஒருத்தி தூத்துக்குடிப் பக்கம், ஒருவன் ராமநாதபுரம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நம் மலை ஆபீஸ்களில் ஒரு பேச்சு உண்டு. "எப்படியும் மாறுதல் வாங்கிக்கிட்டுக் கீழே போயிடுவாங்க, இவங்களுக்கு எதுக்கு மெனக்கெடணும்?" வந்தவரைத் தபால் வேலையில் உட்காரவைப்போம். ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வோம். இரண்டு வருஷம் கழித்து, குறிப்பு எழுதத் தெரியவில்லையே என்று நாமே குறையும் சொல்வோம். கோப்பைத் தொடவிடாத இடத்தில் யாருக்கு இருக்கப் பிடிக்கும்? குளிரைவிட அதுதான் ஆளைக் கீழே இறக்குகிறது.

கோப்பை முடிக்கும்போது, எத்தனை வருஷம் வைத்திருக்கணும் என்று காட்ட ஓர் எழுத்தோடு 'டிஸ்.' போடுவோமே, நான் சேர்ந்த புதிதில் ஒரு பட்டாக் கோப்பை எல்.டிஸ். போட்டு முடித்துவிட்டேன். ஒரே வருஷத்தில் அழித்துவிடும் கட்டு அது. ஆர்.டிஸ். போட்டு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய கோப்பு. மனு கொடுக்க வந்த ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது என் மேசைமேல் வந்து விழுந்தது. "படிச்சுட்டுத்தான் வந்தியா?" என்றார் மேலதிகாரி. அவ்வளவுதான். என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் பயம். அதற்குப் பிறகு பல மாதம், எனக்கே தெரிந்த விஷயத்தைக்கூட எழுதாமல் "ஆணை வேண்டி" என்று மேலே தள்ளினேன். கடைசியில் ஒரு மழை நாளில், பதிவறையில் இருந்த அண்ணன் கட்டுகளைப் பிரித்துக் காட்டினார். ஆர். நிரந்தரம், டி. 10 வருஷம், கே. 3, எல். 1. சொல்லி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நன்றாகவே கொடுக்கிறார்கள். ஆனால் திரும்பி வருகிற பிள்ளையிடம் "அங்கே சொன்னதெல்லாம் இங்கே நடக்காது" என்று ஒரு சீனியர் சொல்லிவிட்டால் போச்சு. உன் பிரிவில் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதே.

அவரவர் சீட்டுக்கு வந்த தபாலைப் பதியும் தன்பதிவேட்டைப் பார்க்கும்போது இருவரையும் பக்கத்தில் உட்காரவை. வரைவை அடித்தால், ஏன் அடித்தாய் என்று ஓரத்தில் ஒரு வரி எழுது. மே, டிசம்பர் துறைத் தேர்வுகளுக்கு விண்ணப்பித்தார்களா என்று நீயே கேள். பதவி உயர்வு அதில்தான் நிற்கிறது, கடைசித் தேதி போன பிறகுதான் பல பேருக்குத் தெரியவருகிறது. படிக்க லீவு கேட்டால் முகம் சுளிக்காதே.

அவர்கள் போனாலும் போகட்டும் அம்மா. ராமநாதபுரத்தில் ஒரு விவசாயியின் மனு அந்தப் பையன் கையால் ஒழுங்காக முடியுமே.

என்னிடமிருந்த அலுவலக நடைமுறை நூலைக் கூடலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அட்டை பிய்ந்திருக்கும், ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்புகள். உன் பீரோவில் பூட்டாதே. அந்த இரண்டு பேர் மேசைக்கும் நடுவில் வை.

அன்புடன்,
உன் பழைய சீட் அண்ணன்